மாலை போட்ட ஓட்டுக்குள் சிங்கி இறால் இல்லை

அனுப்புநர்:
ஆ. மங்கையர்க்கரசி,
விலங்கியல் ஆசிரியை,
லோத்குண்டா, ஹைதராபாத்.

பெறுநர்:
உயர்திரு சுந்தரேசன் அவர்கள்,
நிர்வாக அலுவலர்,
நீலமணி கடல்மீன் காட்சியகம், ஹைதராபாத்.

பொருள்: இறந்ததாக அறிவிக்கப்பட்ட சிங்கி இறால் உயிருடன் இருப்பதும், வரும் திங்களன்று அதன் தொட்டியைக் கழுவுவதை நிறுத்தக் கோருவதும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று அறிந்ததால் தமிழிலேயே எழுதுகிறேன். தெலுங்கில் எனக்குக் கோபப்பட வரும். மரியாதையாகக் கோபப்பட வராது.

1. சென்ற மாதம் என் மகள் தாரிணி தங்கள் சிங்கி இறால் தொட்டியில் ஒரு துண்டு முறுக்கைப் போட்டுவிட்டாள். அது தவறு. அங்கேயே கண்டித்தேன், மன்னிப்பும் கேட்டோம். அடுத்த முறை நாங்கள் வந்தபோது தொட்டி முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் மீசையும் கால்களும் குலையாத முழு ஓடு, மேலே சாமந்தி மாலை. "பார்வையாளர் போட்ட தீனியால் எங்கள் ராஜா மறைந்தான்" என்று பலகை வேறு. மேற்பார்வையாளர் திரு. லட்சுமணன் எல்லோர் முன்னிலையிலும் என் மகளைக் காட்டி, "இந்தப் பாப்பாதான்" என்றார். அவளுக்கு வயது எட்டு.

2. ஐயா, சிங்கி இறால் முறுக்குத் தின்னாது. நத்தையையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும் உயிர் அது. தங்கள் ராஜா ஆணும் அல்ல. கடைசிக் காலின் நுனியில் சிறு கொடுக்கு இருப்பதால் பெண். இது என் புகார் அல்ல, தகவலுக்காகச் சொல்கிறேன்.

3. என் புகார் அந்த ஓட்டைப் பற்றியது. புதன்கிழமை தனியாக வந்து உற்றுப் பார்த்தேன். தலை ஓடும் வால் பகுதியும் சேரும் இடத்தில், முதுகில் ஒரு பிளவு. உள்ளே சதை துளியும் இல்லை. தொட்டியிலிருந்து எடுத்தவர்களுக்கும் நாற்றம் தெரியவில்லையாம். செத்த இறால் எப்படி நாறும் என்பதைக் குளச்சல் கடற்கரைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது பிணமல்ல, சட்டை. பாம்பு உரிப்பதுபோல் இதுவும் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றும். முதுகுப் பிளவு வழியே மீசை, கால், கண்மேல் மூடி எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். புது ஓடு இறுகும்வரை உடம்பு வெண்ணெய்போல் இருக்கும். எந்த மீனும் கடித்துவிடும். அதனால் பொந்துக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும், வெளியே தலை காட்டாது. பிளவின் புகைப்படத்தை இணைத்துள்ளேன்.

4. நான் அங்கே நின்றபோது மின்சாரம் போய் மோட்டார்கள் நின்றன. தொட்டிக் கண்ணாடியில் காதை வைத்து, பாறைக் குவியல் பக்கம் விரலால் தட்டினேன். சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தாற்போல் 'கர்ர்' என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி கேட்டது. சிங்கி இறாலுக்கு நண்டைப்போல் பெரிய கொடுக்கு கிடையாது. யாராவது நெருங்கினால் மீசையின் அடியைக் கண்ணுக்குக் கீழே உரசி இப்படித்தான் விரட்டும். ஓடு மெத்தென்று இருக்கும்போதும் இந்தச் சத்தம் அதற்கு வரும். வேறு ஆயுதம் இல்லாத நாட்களில் அந்த ஜீவனுக்கு அது ஒன்றுதான் துணை.

5. திரு. லட்சுமணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "டென்ஷன் நக்கோ மேடம், கவலைப்படாதீங்க, மோட்டார் சத்தம் அது" என்றார். மோட்டார்தான் நின்றிருந்ததே என்றேன். அதற்கு அவர், திங்களன்று தண்ணீரை இறைத்து, பாறைகளை எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவப் போவதாகவும், கலர் மீன்கள் வரப்போவதாகவும் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். மாலையைத் தம் கையாலேயே கட்டியதாகச் சொல்லும்போது கண் கலங்கினார். ஆனால் திங்களன்று கழுவினால், இதுவரை நடக்காத சாவு அன்று நடந்துவிடும்.

6. ஆகவே, தொட்டி கழுவுவதை உடனே நிறுத்த வேண்டுகிறேன். பாறைகளை யாரும் புரட்ட வேண்டாம், தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். மாலையை எடுத்துவிட்டு அந்த ஓட்டைத் தொட்டிக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். சிங்கி இறால் தன் பழைய ஓட்டைக் கொறித்து அதிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதுண்டு. பிறகு தாங்களே நேரில் வந்து, மோட்டாரை நிறுத்தி, கண்ணாடியில் காது வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் வராவிட்டால் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்.

7. தாங்கள் வரும் நேரத்தில் என் மகளையும் அழைத்துவர அனுமதி வேண்டும். அவள் இப்போது முறுக்கைத் தொடுவதில்லை. படுக்கப் போகும்போதெல்லாம் "நேனே சம்பேசானா அம்மா?" என்று தெலுங்கில் கேட்கிறாள், நான்தான் கொன்றேனா என்று. இல்லையடி, அது உயிரோடிருக்கிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். பெற்றவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறாள். என் பேச்சை நம்பாதவள், கண்ணாடியில் காது வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டால் நம்புவாள்.

திங்களுக்கு முன் தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: ஹைதராபாத்
நாள்: 20.11.2025

தங்கள் உண்மையுள்ள,
ஆ. மங்கையர்க்கரசி
(தாரிணியின் அம்மா)