இரண்டு பேர் கார்

ஞாயிறு, 12 ஆகஸ்ட் 1934. பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பூசை முடிந்து கிள்ளான் போய், தோட்டத்துத் துரை விற்கும் குட்டிக் காரை ஓட்டிப் பார்த்தேன். காற்றாய்ப் பறக்கிறது. ஆனால் இரண்டே பேர்தான் உட்காரலாம். மழை பெய்தால் மடியெல்லாம் தண்ணீர். ஓர் அரிசி மூட்டை வைக்க இடமில்லை. ஏன் விற்கிறீர்கள் என்றால் துரை சிரிக்கிறார்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் வீட்டில் சொன்னேன். ஒரு குடை வாங்க நாலு கடை ஏறி இறங்கும் மேரி, "நல்லாத்தான் இருக்கு, வாங்கிடுங்க" என்றாள். இவள் சம்மதத்தைவிடத் துரையின் சிரிப்பே தேவலை.

படுக்கப் போகும்போது, "ஏங்க, பின்னால சீட்டு நிச்சயமா இல்லதானே?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து கப்பலில் வருகிறாள், எங்களோடேயே இருக்க.