முதலில் உயர்ந்த கை

ஆண்டவரில் பிரியமுள்ள தங்கைக்கு,

உன் மூத்தவள் எழுதுகிறேன். அந்த ஊர்க் குளிர் உன் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடக் கூடாதே என்று இங்கே எல்லோருக்கும் கவலை. செபமாலையில் தினமும் உன்னை நினைத்துக்கொள்கிறோம். நான் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன், மறைப்பானேன். மிச்சத்தை எனக்கும் சேர்த்து சமையல் சிஸ்டர் சொல்லிவிடுகிறார்.

மதருக்கு நினைவு வந்து வந்து போகிறது. நேற்று உன்னைக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். நான் போய்ச் சாத்தினேன். நீதான் என்று நினைத்து, "நல்லா இரும்மா" என்றார். அந்த ஆசீர்வாதம் உனக்குரியது, அனுப்பிவிட்டேன்.

சுற்றி வளைத்தது போதும். தையல் கம்பெனி விஷயம் என்ன ஆயிற்று என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய். முடிந்துவிட்டது. போன திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

முதலாளி ஆயரிடம் போய் முறையிட்டு உன்னை அந்த ஊருக்கு மாற்றவைத்த பிறகும் வேலைநிறுத்தம் தளரவில்லை. பெண்கள் நம் மடத்துப் பார்வையாளர் அறையில்தான் கூடினார்கள். இன்றைக்கும் பெருக்கினால் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஹேர்பின் வருகிறது. ஆனால் நாள் ஆக ஆக முகங்கள் வாடின. ஒருத்தி வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்தி வீட்டில் மாமியார் ஏச்சு. கூட்டத்தில் பேச்சு குறைந்து பெருமூச்சு கூடியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பினார். வேலை நேரத்தில் பின்கதவை இனிப் பூட்ட மாட்டார்களாம். எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம், காஜா அக்காவைத் தவிர. வேலைக்கு வருகிற யாரும் மடத்து வாசலை மிதிக்கக் கூடாதாம்.

காஜா அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். உள்ளே புகை மண்டிய அன்று, பூட்டிய அந்தக் கதவை இடித்து இடித்துத் தோள் மூட்டு நழுவியவள். பொத்தான் துளை தைக்கிற காஜா மிஷினை விட்டு எழுந்து, "கதவத் தொறக்குற வரைக்கும் ஒரு சட்டைக்கும் காஜா போட மாட்டேன்" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

நான் எழுந்து பேசினேன். ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போவது நியாயமா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காஜா அக்காதான் பதில் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. "சிஸ்டர், உங்களுக்கு மணியடிச்சா சோறு. நாளைக்கும் அடிக்கும். இவங்க வீட்டுல யாரு மணியடிப்பா?" என்றாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "நாம என்ன கேட்டோம்? கதவு. அது கெடச்சிருச்சு. எனக்காக நீங்க காத்துக்கிட்டிருந்தா அதையும் மறுபடி பூட்டிருவாங்க" என்றாள். சம்மதம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லி, அவளே முதலில் தூக்கினாள். நல்ல தோளில் யாருடைய பிள்ளையோ தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கியது மற்றக் கையை. அது காது வரைக்கும்தான் போயிற்று.

வெகு நேரம் அந்த ஒரு கைதான். அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்தன. அழுதுகொண்டே தூக்கியவர்களும் உண்டு.

திங்கட்கிழமை காலையில் நம் வாசலில் போய் நின்றேன். எதிர்ச்சாரியோடு நடந்து போனார்கள். பின்னாலேயே சூப்பர்வைசர் ஸ்கூட்டரில். ஒருத்திகூடத் திரும்பவில்லை. உள்ளே வந்து செபக்கூடத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் சமையல் சிஸ்டர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்க கோபம் காஜாக்காவ விட்டுட்டதுலயா, நம்மள விட்டுட்டதுலயா?" என்று கேட்டார். நான் வெங்காயத்தை வாங்கி உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் கிடைத்தது.

காஜா அக்கா மட்டும் தினமும் வருகிறாள். "வேலையில இருக்கறவங்களுக்குத்தானே தடை? எனக்குத்தான் வேலையே இல்லையே" என்று சிரிக்கிறாள். நம் சமையலறையில் சேர்ந்துகொள் என்றேன். இரக்கப்பட்டு வேலை தராதீர்கள் என்றுவிட்டாள். வீட்டிலேயே கிழிந்த துணி தைத்துக் கொடுக்கிறாள். ஒரு மணி நேரம் தைத்தால் தோள் வீங்கிவிடுகிறது. அந்த வலியோடு உச்சி வெயிலில் கம்பெனிப் பின்சந்து வரைக்கும் நடந்து போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நேற்று நானும் என் முட்டுவலியோடு நொண்டிக்கொண்டு கூடப் போனேன். கதவு திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நிலைப்படியில் காற்றாட உட்கார்ந்து நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. காஜா அக்கா என் முழங்கையைப் பிடித்து, "வாங்க போயிரலாம், சாப்பிடட்டும்" என்றாள்.

திரும்பும் வழியில், உனக்கு எழுதிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அந்த சிஸ்டரு என்னையத் திட்டுவாங்களா?" என்றாள். முதலாளிக்கே பயப்படாதவள், தங்கச்சி. உன் ஒரு சொல்லுக்குப் பயப்படுகிறாள். அவளுக்கு நாலு வரி எழுது. நாம் தோற்றோமா என்று கேட்க வேண்டுமானால் என்னைக் கேள், அவளைக் கேட்காதே.

அடுத்த மாதம் நம் சபையின் மாகாணத் தலைவி வருகிறார். பெண்கள் வராத வீட்டில் மூன்று கிழவிகளும் மதரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் சிஸ்டரும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நல்ல தூக்கமும் தரட்டும். அந்த இடம் உனக்குப் பழகிவிட வேண்டும் என்று செபிக்கத்தான் எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
உன் அக்கா