பூதிகோட்டை ரோட்டில் நின்ற யமஹா

உங்களுக்கு,

டூல்ஸ் பெட்டியைத் திறந்து இந்தக் கடிதத்தை எடுத்திருக்கிறீர்கள் என்றால், பூதிகோட்டை ரோட்டில் யமஹா நின்றுவிட்டது. கோளாறு ஒன்றுமில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ரிசர்வில் போட்டுப் பார்க்காதீர்கள்; நான் ரிசர்வில் போட்டுத்தான் ஸ்டார்ட் செய்து கொடுத்தேன்.

நீங்கள் வந்து கேட்டதும் சண்டை போடாமல் ஏன் வண்டியைக் கொடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். விவாகரத்துக்குப் பிறகு அதைப் பராமரித்து ஓட்டியவள் நான். எவ்வளவு பெட்ரோல் விட்டால் எந்த வளைவு வரை போகும் என்று ஓட்டிப் பார்த்தே வைத்திருந்தேன்.

நாம் சேர்ந்து வாழ்ந்தபோது, அன்றும் பெட்ரோல் தீர்ந்து இந்த வளைவில்தான் நின்றது. பின்னால் வந்த உங்கள் நண்பரின் வண்டியில் ஏறிக்கொண்டீர்கள்.

"தூறல் போடுது, நான் முன்னாடி போறேன். நீ மெதுவா தள்ளிகினு வா. இன்னா இப்ப, கொறஞ்சா பூடுவ?"

உங்கள் நண்பரும் சிரித்தார். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். பங்க் வரை தள்ளினேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

பின்னால் உங்கள் புது மனைவி உட்கார்ந்திருப்பார். அவரை இறக்கிவிடாதீர்கள். கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளுங்கள். பங்க் வரும்வரை அவர் நிதானமாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
அன்று தள்ளியவள்