கறிவேப்பிலையோடு ஒரு கிளை பேசில்

சந்தைப் பையைக் கவிழ்த்தேன். கத்தரிக்காய். இரண்டு சுகினி. கோலிக்குண்டு அளவில் சின்னத் தக்காளிகள். கடைசியாக ஒரு கை பேசில், அந்த வெளிநாட்டுத் துளசி; அதில் ஒரு கிளை கறிவேப்பிலையோடு சேர்ந்து நசுங்கி, பையின் அடியில் ஒட்டிக்கொண்டு.

விழுப்புரத்தில் என் வாடகை வீட்டுச் சமையலறை முழுக்க நீ.

போன மழைக்காலத்தில் உன்னை எடுத்துக்கொண்ட காய்ச்சலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் உனக்கு எழுத நினைப்பது திண்டிவனம் வாரச் சந்தையைப் பற்றி. நீ தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்த அந்த மூலையைப் பற்றி.

நாம் இருவரும் எம்.ஏ. முடித்ததும் நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். நீ இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் பறிக்கப் போனாய். வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் காய்கள். ஒரு வருடம் கழித்து விதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். பெருமுக்கல் மலையடிவாரத்தில் துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தாய். ஊரில் பாதிப் பேருடைய நிலத்தில் நாற்று நட்ட கை உன் அம்மாவுடையது. முதல் சுகினிப் பிஞ்சை அந்தக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இத யாருடி வாங்குவா?"

"திண்டிவனத்துல வாங்குவாங்க."

"தை வரைக்கும் பாரு. இல்லன்னா கேப்பை வெதைச்சிடலாம்."

முதல் நாள் ஞாபகம் இருக்கிறது. கூட்டம் உன் சாக்கு வரைக்கும் வந்து, நின்று, பார்த்து, நகர்ந்தது. வெள்ளரியா என்றார்கள். பீர்க்கங்காய்க்கு வரி எங்கே போச்சு என்றார்கள். பக்கத்துக் கடைக் கீரைக்கார அண்ணனுக்கு அன்றைக்குக் கீரையைவிட உன்னைக் கிண்டல் செய்வதுதான் நன்றாக ஓடியது.

"என்னா பாப்பா, பாரின் சரக்கா? வாங்கறவங்க பாஸ்போர்ட்டு எடுத்துக்கினு வரணுமா?"

"உங்களுக்கு மட்டும் விசாவும் வேணும்ணா."

பச்சைப் புடவை கட்டிய அக்கா ஒருத்தர் மட்டும் குனிந்தார். பேசிலை எடுத்து முகர்ந்தார். "திருநீத்துப் பச்சில மாதிரி இருக்குதே. தலைக்கு வெக்கலாமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "தாராளமா வெச்சிக்கலாம்க்கா. சாப்பிடவும் செய்யலாம்."

ஒரு கட்டு வாங்கி, அங்கேயே ஒரு கிளையைக் கிள்ளிக் கனகாம்பரத்தோடு செருகிக்கொண்டு போனார். அன்றைய வியாபாரம் அதுவும் நானும்தான். என்னை நீ சேர்த்துக்கொள்ளவே இல்லை.

"நீ வாங்கறது வியாபாரம் இல்லடி. அது பாவம் பாக்கறது."

மார்கழியில் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வண்டியோடு வந்தார். ஓட்டல்களுக்குக் காய் அனுப்புகிறவர். விளைவதை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல விலை. யோசித்துச் சொல்கிறேன் என்றாய். பேருந்து நிறுத்தத்தில் நான் உன்னோடு சண்டை போட்டேன். ஓட்டலுக்குப் போனாலும் அது உன் காய்தானே என்றேன்.

நீ கூடையை மாற்றித் தூக்கிக்கொண்டாய்.

"அங்க போனா என் காய் யாரோ ஒருத்தர் தட்டுல போய் உட்காரும். எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. எங்க அம்மா இத்தனை வருசம் நட்டது எல்லாம் அப்படித்தான் போச்சு. இங்க, இந்த ஊர்ல, ஒருத்தர் வந்து, இது இவ வெளைய வெச்சதுன்னு தெரிஞ்சி வாங்கி, அவங்க அடுப்புல வெக்கணும்டி. அது நடக்கலன்னா கேப்பையே வெதைச்சிக்கறேன்."

பேருந்து வந்துவிட்டது. உன் கூடையை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

பொங்கலுக்கு முந்தைய கடைசிச் சந்தை. உன் அம்மாவும் வந்திருந்தார். திரும்பும் வழியில் கேப்பை விதை விற்கும் விதைக்கடை. அவர் எதற்கு வந்தார் என்று நம் மூவருக்கும் தெரியும். மஞ்சள் கொத்து, கரும்பு, பூசணி என்று சந்தை பிதுங்கியது. உன் சாக்கை யாரும் மிதிக்காமல் இருந்ததே பெரிது.

மதியத்துக்கு மேல் பச்சைப் புடவை அக்கா வந்தார். அன்றைக்கு வேறு புடவை. ஒரு சுகினியை எடுத்தார். பீர்க்கங்காய்க்குச் செய்வதுபோல் கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தினார். கீழே வைத்தார். இன்னொன்று. அதையும் வைத்தார்.

"ரெண்டு வாரம் முன்ன ஒரு சின்னப் பையன நிக்க வெச்சிட்டு எங்கியோ போயிட்ட. அவன் குடுத்தது ஒரே முத்தல். கூட்டு வெச்சா பசங்க வெதை வெதையா துப்புதுங்க."

நீ வாங்கிய முதல் திட்டு. உன் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கப் பெயர் கூப்பிட்டதுபோல் நின்றாய்.

"இன்னிக்கு எல்லாம் பிஞ்சுக்கா. காலையில பறிச்சது."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. அரைக்கிலோ போடு. வெலைய கொறைச்சி சொல்லு."

பேரம் நடந்தது. தராசு இறங்கியது. காய் பைக்குள் போனது. ஆனால் அவர் பையை மூடவில்லை. விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"என்னாக்கா?"

"கொசுறு எங்க?"

"கறிவேப்பில நான் கொண்டாரலியேக்கா."

"கறிவேப்பில யாரு கேட்டா? அந்தத் தழையில ரெண்டு கிளை போடு. அன்னிக்குத் தலையில வெச்சது போக மிச்சத்த ரசத்துல கிள்ளிப் போட்டேன். எங்க வீட்டுக்காரரு சொம்பு சொம்பா குடிக்கறாரு."

நீ இரண்டு கிளை போடவில்லை. ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாய். "போதும், போதும், ரசமா வெக்கறேன், கஷாயமா?" என்று அவர் நகர்ந்தார்.

அதற்கப்புறம் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "கொசுறு கேட்டுட்டாங்கடி! கொசுறு!"

கீரைக்கார அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐய, ஓசியில அள்ளிக் குடுத்துட்டு ஆடுது பாரு இது."

"ஓசியில கேட்டாதாண்ணா அது நம்ம ஊரு தழை."

உன் அம்மா எழுந்து சாக்கை மடிக்கத் தொடங்கினார். "ஜல்தியா கட்டுடி, பஸ்ஸு போயிடும்" என்றார். மூவரும் நடந்தோம். விதைக்கடை வந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அந்த மூலையில் அவர்தான் உட்கார்கிறார். சாக்கு போய் மரப்பலகை வந்திருக்கிறது. கீரைக்கார அண்ணன் கறிவேப்பிலைக் கட்டில் பேசிலையும் சேர்த்தே கட்டுகிறார், உன் அம்மாவிடம் வாங்கி. இன்று காலை ஒரு பெண் அவரிடம், "என்னாண்ணா இன்னிக்கு பேசில் வாடிக்கெடக்குது" என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கேட்டேன். பட்டமளிப்பு விழாவில்கூட என் முதுகு அவ்வளவு நிமிர்ந்ததில்லை.

உன் அம்மா என் பையில் காயைப் போட்டதும் பேசிலையும் எடுத்துவிடுவார். எப்போதும் நான் தடுப்பேன்.

"இருங்கம்மா. நான் கேக்கணும்."

அவருக்குப் புரியும். கிளையைப் பிடித்தபடி கையை அந்தரத்தில் நிறுத்துவார். நான் பையை விரித்துப் பிடிப்பேன்.

"கொசுறு எங்க?"

"வாங்கறது அரைக்கிலோ, இதுல கொசுறு வேற. ஒரே பேஜாரு உன்னோட" என்பார், நீ என்னிடம் சொல்லும் அதே இழுப்பில்.

பிறகு போடுவார். ஒரு கை நிறைய.

அந்தப் பையைத்தான் இன்று கவிழ்த்தேன். ரசம் கொதிக்கிறது. கிள்ளிப் போடப் போகிறேன்.