பெரியவளின் பாதங்கள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? நேற்றைய பத்திரிகையில் பெரியவளின் பாதத்தைப் பார்த்தேன். பிளந்த நகமும் சீழும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. பக்கத்தில், யானைக்காக நீதிமன்றம் போன கால்நடை மருத்துவர் என்று உன் படம்.

இந்தப் பூங்காவில் பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பாகன் நான். தங்கச்சியை ஏவிவிட்டது நீதானா என்று முதலாளி கேட்டார். சவாரிக்கு டிக்கெட் கிழிப்பவர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அதெல்லாம் போகட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படத்தைப் பார்ப்பவர்கள் உன் அண்ணனைத்தானே கொடுமைக்காரன் என்பார்கள்? என் முகத்தில் கரி பூச நீதானா கிடைத்தாய்?

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

சொல்லாமல் செய்தது தப்புதான். சொல்லியிருந்தால் முதலாளி கேட்டபோது நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும்.

ஆய்வுக்கு வந்தபோதெல்லாம் எழுதிக் கொடுத்தேன்: சிமெண்டுத் தரையை மாற்றுங்கள், சங்கிலியை அவிழ்த்து நடக்க விடுங்கள், புண் ஆறும்வரை சவாரி வேண்டாம். மூன்று முறையும் கிணற்றில் போட்ட கல்தான். தினமும் நீ கழுவிக் கட்டுவதால்தான் அவள் இன்னும் நிற்கிறாள் என்று மனுவில் எழுதியிருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி விசாரணை. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். அண்ணியும் பிள்ளைகளும் உன் வேலையை நம்பித்தானே இருக்கிறார்கள்.

உன் தங்கை

மார்ச் 19

அண்ணா,

நேற்று உன்னோடு பேசாமலே வந்துவிட்டேன். வேலைச் சட்டையோடு நீ சாட்சிக் கூண்டில் ஏறியதும், முதலாளிக்காகத்தான் வந்திருக்கிறாய் என்று பயந்தேன். யானைக்கு அங்கே என்ன குறை என்று அவருடைய வக்கீல் கேட்டார். நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"தினம் காலைல புண்ணைக் கழுவிக் கட்டுவேங்க. பத்து மணிக்கு அதே காலோட சவாரிக்கு ஓட்டுவேன். கட்டினதும் நான்தான், ஓட்டினதும் நான்தான். ரெண்டையும் எழுதிக்குங்க."

நாற்பது பக்கத்தில் என்னால் சொல்ல முடியாததை நீ நாலு வரியில் சொல்லிவிட்டாய். யார் அது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா கேட்டார். எங்க அண்ணன் என்றேன். ஒரு சாண் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலமே உன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம். அண்ணி போனில் சொன்னார். அவர் அழவில்லை. "உங்க அண்ணன் இன்னைக்குத்தான் நல்லாச் சாப்பிட்டாரு" என்றார்.

உன் தங்கை

மே 27

அன்புத் தங்கைக்கு,

நீதிமன்ற உத்தரவுப்படி பெரியவளை யானைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்து ஒன்பது நாள் ஆகிறது. அவளுக்குப் பழகிய ஆள் வேண்டுமென்று என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சங்கிலியை அவிழ்த்த பிறகும் மூன்று நாள், அது எட்டும் தூரத்துக்குள்ளேயே வட்டமடித்தாள். நான் வேலிவரை நடந்து நடந்து காட்டினேன். இங்கிருப்பவர்கள் சிரித்தார்கள். நாலாம் நாள் பின்னால் வந்தாள்.

இன்று மதியம் மண்மேட்டில் சாய்ந்து விழுந்தாள். உயிர் போய்விட்டதோ என்று ஓடினேன். கிட்டே போனால் குறட்டை. அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அங்கே இரண்டு யானைகள் நிற்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிப் போய் இரண்டின் பாதத்தையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ மனுவை எழுதத் தொடங்கு. இந்த முறை என் பெயர் மேலே இருக்க வேண்டும். மூத்தவன் நான்.

அண்ணன்