சாவி ஆபீசில் இருக்கும்

பிப்ரவரி 3, திங்கள்

பனி. ஏழு மணி வரை எதிர் வீடு தெரியவில்லை. தோல் பதனிடும் ஷெட் பக்கமிருந்து காற்று, நாற்றம் இரட்டிப்பு. கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு பிரவுன் அட்டை போட்டாயிற்று. பெயர் எழுதும் இடத்தில் தினேஷ், பன்னிரண்டு-ஏ. ஸ்கூலுக்கு தினேஷ். இந்த நோட்டுக்கு மட்டும் தர்ஷினி.

இங்கே கழிப்பறை என்று முழுதாக எழுதப் போவதில்லை. க. போதும். யாராவது எடுத்துப் பார்த்தால் கணக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும். என் கணக்கு மார்க்கைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், அது வேறு.

இன்றும் போகவில்லை. காலை எட்டு முதல் சாயந்திரம் ஐந்து வரை. பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து இதே கதை.

காரணத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மறுபடி எழுத மாட்டேன். பசங்க க.வில் கடைசிக் கதவுக்கு உள்தாழ் இல்லை, வெளித்தாழ் மட்டும் உண்டு. லீவு முடிந்த முதல் நாள், கடைசி பீரியட், நான் உள்ளே. பன்னிரண்டு-பி லோகேஷும் அவன் கூடச் சுற்றும் மூன்று பேரும் வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். "மேடம் உள்ள கீறாங்க, யாரும் வராதீங்க." ஒரே சிரிப்பு. நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் இன்னும் பத்து பேர் வருவார்கள். பெல் அடித்து எல்லாரும் போன பிறகு பெருக்க வந்த அக்கா திறந்தார். "அல்லாரும் வூட்டுக்கு போய்ட்டாங்க, நீ இன்னா பண்ற இங்க?" என்றார். பதில் சொல்லாமல் ஓடி வந்தேன்.

பொண்ணுங்க க. பக்கம் போனால் இதைவிடப் பெரிய ரகளை ஆகும்.

அம்மாவிடம் க. போனால் பசங்க கிண்டல் என்று மட்டும் சொன்னேன். அம்மா ஷூ கம்பெனியில் பதினாலு வருடமாக ஸ்டிச்சிங் மிஷினில் இருக்கிறாள். அவள் லைனில் நாற்பது பெண்கள். சூப்பர்வைசர் மேஜையில் டோக்கன் ஒன்றே ஒன்று. அதை எடுத்துக்கொண்டுதான் க. போக வேண்டும், திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்த ஆள். ஒரே நாளில் இரண்டாம் தடவை எடுத்தால் எல்லார் எதிரிலும் கேள்வி. அதனால் முக்கால்வாசிப் பேர் எடுப்பதே இல்லை. அந்த அடக்கும் வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

- காலை டீ பாதி டம்ளர்
- தண்ணீர் வாயை நனைக்க மட்டும், முழுங்கக் கூடாது
- தாகம் எடுத்தால் புளிப்பு மிட்டாய்
- மதியம் குழம்பு கம்மி, மோர் வேண்டவே வேண்டாம்
- முட்டிக்கொண்டு வந்தால் கால் மேல் கால் போட்டு நூறு எண்ணு

"பழகிட்டா ஒண்ணுமில்ல. நான் இல்ல?" என்றாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

13ஆம் தேதி கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல். மூன்று மணி நேரம்.

பிப். 4, செவ்வாய்

பனி கம்மி. பிரேயரில் பி.டி. சார், "முடி வெட்டாம வர்றவனுக்கு அடுத்த வாரம் மெஷின் எடுத்தாந்து நானே போடுவேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா? எனக்குக் காதுக்குக் கீழே ஒரு விரல்தான் இருக்கிறது. அதற்கே இவ்வளவு கண்.

கிளாசில் எனக்கு ஒரே தோஸ்த் நஸ்ரின். "இன்னா மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினாள். உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. "நீ போ, நான் வெளிய நிக்கிறேன்." பசங்க க. வாசலில் அவள் நின்றால் அவளை என்னவெல்லாம் பேசுவார்கள். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டாள். ஒரு பீரியட் பேசவில்லை, அப்புறம் அவளே பேசினாள்.

நான்காம் பீரியட், அடிவயிற்றில் சுருக். வீட்டுக்கு வந்து போனால் எரிச்சல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறம் டீ மாதிரி. அம்மாவிடம் சொல்லவில்லை. புளிப்பு மிட்டாய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப். 5, புதன்

காய்ச்சல். விடியும்போது பல் கிடுகிடு. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே ஹாரன் அடித்த கம்பெனி வேனைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். இருமிக்கொண்டே கூட வேலைக்குப் போகிறவள். அப்பா செத்தபோது எடுத்த லீவுக்குப் பிறகு இப்போதுதான் அவள் லீவு போட்டுப் பார்க்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையம். கூட்டம் ஜாஸ்தி. யூரின் டெஸ்ட். சிஸ்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போற?"

"காலைல. அப்புறம் ஸ்கூல் விட்டு வந்து."

"நடுவுல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கிருமி சேந்துடுச்சு. இப்டியே அடக்கினா கிட்னிக்கு ஏறும். அப்புறம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். யாரு சொன்னா உன்னை அடக்கச் சொல்லி?"

அம்மா தரையைப் பார்த்தபடி, "நான்தான் சிஸ்டர்" என்றாள். அப்புறம், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "எனக்கும் எரியுது. ரொம்ப வருசமா. பொம்பளைங்கன்னா இருக்கும்னு விட்டுட்டேன்."

சிஸ்டர் அம்மாவுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஐந்து நாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை போக வேண்டும்.

பஸ்சில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பயமாக இருந்தது. அம்மா பயந்தால் எனக்கு இரண்டு மடங்கு.

பிப். 6, வியாழன்

வீட்டில். நாள் முழுக்கத் தூக்கம். கனவில் அந்த வெளித்தாழின் சத்தம், டக் என்று. விழித்துப் பார்த்தால் கீழ் வீட்டு கேட்.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் உட்கார வைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தாழ், லோகேஷ், மேடம்.

நான் யார் என்று ஆயுத பூஜை லீவில் அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "வெளிய சொல்லாத" என்றாள், அதோடு சரி. ஆனால் அதிலிருந்து என்னை 'டா' போடுவதில்லை. 'டீ'யும் போடுவதில்லை. 'சாப்ட்டியா' என்று நடுவில் நிறுத்திவிடுகிறாள். அந்தப் பாதியே எனக்குப் பெரிய விஷயம்.

இன்று சொன்னாள்: "நாளைக்கு நான் ஸ்கூலுக்கு வர்றேன்." வேண்டாம் என்று அழுதேன். கேட்கவில்லை. அப்புறம் ஒரு ஒப்பந்தம் போட்டாள். "நீ தண்ணி குடிக்கணும், ரெண்டு வாட்டி போவணும். நானும் கம்பெனில ரெண்டு வாட்டி போறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் சொல்லிக்கணும்." கையில் அடித்துச் சத்தியம்.

பிப். 7, வெள்ளி

எச்.எம். ரூம். ஃபேன் கிறீச் கிறீச். அம்மா கம்பெனி யூனிஃபார்ம் மேல் சால்வை போட்டுக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கெமிஸ்ட்ரி மிஸ்ஸும் இருந்தார், அது ஒரு தைரியம்.

லோகேஷ் பேரை நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லக் கூடாது என்று கெஞ்சியிருந்தேன்.

எச்.எம். சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் இன்னொரு பயந்த ஆளைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். "ஏம்மா, நீ சொல்றதைப் பாத்தா, இது பையனா, பொண்ணா? நான் இன்னான்னு எடுத்துக்கறது?" என்று கேட்டார்.

அம்மா, "எம் புள்ள சார்" என்றாள்.

மிஸ் சட்டென்று, "ஸ்டாஃப் பாத்ரூம் காலியாத்தானே சார் இருக்கு" என்றார்.

பத்து நிமிஷம் யோசனை. முடிவு: எழுத்தில் எதுவும் தர மாட்டார். ஸ்டாஃப் க. சாவி ஆபீசில் இருக்கும். நான் போய்க் கேட்க வேண்டும். ரிஜிஸ்டரில் பெயர், நேரம், காரணம், கையெழுத்து. திரும்பி வந்து மறுபடி நேரம், கையெழுத்து. "நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் காட்டணும்ல" என்றார்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க டோக்கன் மாதிரிதான் சார். எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அதுதான் பயம். சாவி தொலையாமல் இருக்க ஒரு அடி ஸ்கேல் நீளத்துக்குக் கட்டை கட்டியிருக்கிறார்கள். பாக்கெட்டில் போகாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசிலிருந்து ஸ்டாஃப் க.வரை நடக்க வேண்டும். வழியில் பன்னிரண்டு-பி. லோகேஷ் உட்காருவது ஜன்னல் ஓரம்.

பிப். 10, திங்கள்

வெயில் ஆரம்பம். மாத்திரை முடிந்தது. எரிச்சல் பாதி குறைவு.

போகவில்லை.

இரண்டாம் பீரியட் எழுந்து ஆபீஸ் வாசல்வரை போனேன். கிளார்க் சார், "இன்னாப்பா, டி.சி.யா?" என்றார். "இல்ல சார்" என்று திரும்பி வந்துவிட்டேன். கட்டையோடு சாவி ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அம்மா வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக: "நான் ரெண்டு வாட்டி. நீ?"

"ரெண்டு வாட்டி."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லம்மா."

சிரித்தாள். நான் பையைத் தேடுவது போல உள்ளே போய்விட்டேன்.

பிப். 11, செவ்வாய்

இன்றும் அதே. ஆபீஸ் வரை கூடப் போகவில்லை. பிரேக்கில் லோகேஷ் படிக்கட்டில், "மேடம் இப்ப எங்க போறீங்கன்னே தெர்லியே, அட்ரஸ் மாறிடுச்சா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் படியை எண்ணிக்கொண்டே இறங்கினேன். பதினெட்டு.

ஒப்பந்தத்துக்காகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன். குடித்துவிட்டுப் போகாமல் இருப்பது குடிக்காமல் இருப்பதைவிட மோசம். கடைசி பீரியட் இருநூறு, முந்நூறு வரை எண்ணினேன். வீட்டுக்கு வரும் வழியில் நஸ்ரினின் சைக்கிள் கேரியரில் உட்காரக்கூட முடியவில்லை.

அம்மா: "ரெண்டு." நான்: "ரெண்டு." அவள் கொஞ்சம் சோர்வாக இருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து முட்டியை அமுக்கிக்கொண்டாள். மிஷினில் உட்கார்ந்து வேலை செய்பவளுக்கு ஏன் கால் வலி?

பிப். 12, புதன்

இன்று எழுத்து கோணல்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். செல்வி அக்கா வந்தார், அம்மாவின் பக்கத்து மிஷின். எண்ணெய் பாட்டில் ஒன்றை நீட்டினார். "உங்கம்மா கால்ல தடவச் சொல்லு. நாள் முழுக்க நிக்க வெச்சா பாவம் இன்னா பண்ணும்."

"எதுக்கு நிக்கணும்?"

"சொல்லலியா? நேத்துலேர்ந்து மிஷின் இல்லப்பா அவுங்களுக்கு. பேக்கிங்ல ஹெல்பரா போட்டுட்டாங்க. திங்கக்கெழமை ரெண்டு வாட்டி டோக்கன் எடுத்தாங்க. 'இன்னா, சுகர் வந்துடுச்சா'ன்னான் சூப்பர்வைசர், லைனே சிரிச்சுது. நேத்து மறுபடியும் ரெண்டாந்தரம் எடுக்கவும், 'வெச்சிட்டு போய் உக்காரு'ன்னு கத்தினான். உங்கம்மா வெக்கல. 'எம் பொண்ணு ஸ்கூல்ல போறா, நானும் போறேன்னு வாக்கு குடுத்துகிறேன்'னு சொல்லிட்டு நேரா போய்ட்டாங்க. வந்து பாத்தா மிஷின்ல வேற ஆளு."

பிறகு என் முகத்தையே பார்த்தார். "ஏம்பா, உங்கம்மாவுக்கு நீ ஒரே புள்ளதானே?"

தலையை ஆட்டினேன். அவரும் மேலே கேட்கவில்லை.

பதினாலு வருட மிஷின். என் பொய்யை நம்பி எழுந்து போயிருக்கிறாள். நாற்பது பேர் காதில் விழ 'எம் பொண்ணு' என்று சொல்லியிருக்கிறாள். வெளியே சொல்லாதே என்றவள் அவள்தான். அந்த லைனில் லோகேஷின் அத்தையும் இருக்கிறார். இந்நேரம் எத்தனை வீட்டில் பேச்சோ. சந்தோஷப்படவும் முடியவில்லை.

அம்மா வந்ததும், "ரெண்டு" என்றாள். நான் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ப்ராக்டிகல் பயம் என்று நினைத்துக்கொண்டு காப்பி போட்டுத் தந்தாள்.

பிப். 13, வியாழன்

வெயில். ஹால் டிக்கெட், ரெக்கார்டு, பேனா இரண்டு, ஸ்கேல், பென்சில்.

உப்பைக் கண்டுபிடிப்பது சுலபம், அம்மோனியா வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. டைட்ரேஷனில்தான் மாட்டினேன். பியூரெட் குழாயிலிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு. ஒவ்வொரு சொட்டுக்கும் அடிவயிறு இறுகுகிறது. ஒரு சொட்டு கூடுதலாக விழுந்து ஒரு ரீடிங் போய்விட்டது. கையைத் தூக்கினேன். வேறு ஸ்கூலிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் மிஸ் முந்திக்கொண்டு, "போய்ட்டு வா. அது எங்கயும் ஓடிடாது" என்றார்.

ஆபீஸ். "சார், சாவி." கிளார்க் சார் ரிஜிஸ்டரைத் தள்ளினார். முதல் பக்கம், ஒரு வரிகூட எழுதாதது. தினேஷ் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'அவசரம்'.

வராந்தா. பன்னிரண்டு-பி ஜன்னலில் லோகேஷ். கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டேய், அங்க பாருடா" என்றான் உள்ளே திரும்பி. நாற்காலிகள் நகரும் சத்தம். நான் ஓடவில்லை. ஓடினால் துரத்துவார்கள். முதுகெல்லாம் வேர்வை.

உள்ளே தாழ் இருந்தது. போட்டேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். வெளியே யாரோ நடக்கிற சத்தம், நின்றது, போனது. ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்து டைட்ரேஷன் முடித்தேன். இரண்டு ரீடிங் ஒத்துப்போனது.

அம்மா வேனிலிருந்து இறங்கி வரும்போதே சொல்லிவிட்டேன். திங்கள் போகவில்லை, செவ்வாய் போகவில்லை, நேற்றும் இல்லை. இன்றுதான் முதல் தடவை, அதுவும் ஒரே தடவை. செல்வி அக்கா மிஷின் விஷயம் சொன்னதையும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "தெரியும்" என்றாள். "அடக்கினு வர்ற நடை தெரியாதா எனக்கு? சாயங்காலம் எங்க லைனே அப்டித்தான் நடக்கும்."

"தெரிஞ்சும் ஏம்மா போன? மிஷின் போய்டுச்சே."

"நானும் போவாமயே போனேன்னு சொல்லிகினு இருந்தா, நீ இன்னைக்கி போயிருப்பியா?"

இருவரும் அப்படியே படியில் உட்கார்ந்திருந்தோம். செல்வி அக்காவின் எண்ணெயை அவள் முட்டியில் தடவிவிட்டேன்.

நாளை பிசிக்ஸ் ப்ராக்டிகல். பன்னிரண்டு-பிக்கும் அதே நேரம், அதே லேப். பயம் போகவில்லை. சாவி கேட்க வேண்டும்.