வவ்வால் பெட்டிக்கு ஆயுத பூஜை

ஆகஸ்ட் 6
நூலகச் சுவரில் எங்கள் எட்டாம் வகுப்பு மாட்டிய வவ்வால் பெட்டிக்குக் கீழே கறுப்பாக எச்சம்! எலிப் புழுக்கை என்றான் தீபக். குச்சியால் நசுக்கினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே பூச்சி இறகு மினுங்கியது. எலியாவது மண்ணாவது.

மோகனப்ரியா மிஸ் ஓடி வந்தார். “குடி வந்துருச்சு கண்ணு! பால் காய்ச்சீரலாமா?”

மிஸ்ஸும் எங்கள் வீட்டைப் போல ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர். வகுப்பில் எல்லோரிடமும் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ்.

ஆகஸ்ட் 19
இன்று மிஸ் பலகையில் எழுதியது: பெயின்ட் கூடாது, புகை கூடாது, டார்ச் கூடாது. புகை பட்டால் பகலென்றும் பாராமல் ஓடிவிடுமாம்.

செப்டம்பர் 14
அம்மாவிடம் வவ்வாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். “வவ்வா வீட்டுக்கு விருந்துக்குப் போனா, நீயும் தொங்கு நானும் தொங்கறேன்னுச்சாம். போய்த் தொங்கு, இங்க சோறு மிச்சம்” என்றாள்.

அக்டோபர் 9
தசரா விடுமுறை. ஆனால் ஆயுத பூஜைக்கு எல்லோரும் யூனிபார்மில் வர வேண்டும். பஸ், கம்ப்யூட்டர், வவ்வால் பெட்டி எல்லாவற்றுக்கும் பூஜையாம். படம் பிடிக்கப் பேப்பர்காரர் வேறு வருகிறாராம். பயந்துபோய் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

“நான் பாத்துக்கறேன் கண்ணு. பொட்டிய ஒருத்தரும் தொட மாட்டாங்க.”

அக்டோபர் 11
பெட்டிக்குச் சிவப்பு பெயின்ட். வாசலை மறைத்துச் செவ்வந்தி மாலை. பஸ் முன்னால் பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரும் இங்கே வந்தார்கள். சாம்பிராணித் தட்டு யார் கையில்? மிஸ் கையில்! பெட்டிக்கு அடியில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வவ்வால்கள் மாலையை முட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் விழுந்தன. உச்சி வெயில். ஒன்றைக் காக்கை கொத்திக்கொண்டு போயே விட்டது. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“மிஸ், புகை! நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“சும்னிரு, தாரணி” என்றார். சும்மா இரு என்று, கன்னடத்தில். கண்ணு இல்லை, ஒன்றும் இல்லை.

அக்டோபர் 12
வவ்வாலுக்குப் புகை ஆகாது என்று பிரின்சிபாலுக்குத் தெரியாது, பேப்பர்காரருக்கும் தெரியாது. பலகையில் எழுதியவருக்குமா தெரியாது? — பாத்துக்கறேன்னு சொன்னீங்களே மிஸ். இதத்தான் பாத்துக்கிட்டீங்களா?

அக்டோபர் 22
பள்ளி திறந்தது. பெட்டி பளபளவென்று இருக்கிறது. கீழே ஒரு எச்சம்கூட இல்லை.

“பிரின்சிபால் சொல்றப்ப நான் என்ன பண்றது கண்ணு? சாமி காரியம் வேற.” மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. இருக்கட்டும். எனக்குக் கோபம் போகவில்லை.

நவம்பர் 7
கேட்டுக்கு மேலே பள்ளியின் பெயர்ப் பலகை. அதற்கு நேர் கீழே, படியில், கறுப்பாக நாலைந்து எச்சம். நசுக்கிப் பார்த்தேன். இறகு மினுங்கியது! யாரும் பார்ப்பதற்குள் செருப்பால் தேய்த்துவிட்டேன். தீபக்கிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 18
தினமும் முதல் ஆளாய்ப் போய்ப் படியைத் தேய்க்கிறேன். இன்று மிஸ் என் பக்கத்தில், அந்தப் படியிலேயே வந்து நின்றார்.

“எங்கியாச்சும் கண்ணுல பட்டுதா கண்ணு? ஒண்ணே ஒண்ணாவது?”

“கொத்தில்லா மிஸ்” என்றேன், தெரியாது என்று. மிஸ்ஸிடம் நான் கன்னடத்தில் பேசியது இதுதான் முதல் தடவை.